விற்ற மெஷினும் நம்முடையதே

டிரெட்மில் பழுது பார்ப்பது என் தொழில். கொரோனா முடக்கத்தில் ஜிம்கள் மூடியிருந்தபோது வீட்டு உடற்பயிற்சி மெஷின்களின் விற்பனை எகிறியது. ஜிம்கள் திறந்ததும் இறங்கியது. அப்படி இறங்கும் காலத்தில் ஒரு நிறுவனத்தைத் தாங்குவது அது ஏற்கெனவே விற்ற மெஷின்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் அமெரிக்காவின் பெலோட்டான் நிறுவனத்தைப் பாருங்கள். 2021இல், ஒஹாயோவில் 40 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டப்போவதாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு சொந்த உற்பத்தியையும் விட்டுவிட்டு, தைவானின் ரெக்ஸான் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இவையெல்லாம் செலவுக் குறைப்பு. எனக்குப் பாடமாகத் தெரிபவை வேறு. சைக்கிளை மாத வாடகைக்கு விட்டது. பழையதைப் புதுப்பித்துத் தானே விற்றது. 2024இல், பிறரிடம் பழைய சைக்கிள் வாங்கி அதன் பயிற்சி வகுப்புச் சந்தாவில் சேருபவர்களுக்கு 95 டாலர் கட்டணம் வைத்தது. கட்டணம் கசக்கும்தான். ஆனாலும், கைமாறிய சைக்கிளை ஓட்டுபவரும் தன் வாடிக்கையாளரே என்று அந்த நிறுவனம் புரிந்துகொண்டது.

கைமாறிய மெஷின் ஓட வேண்டுமென்றால் பராமரிப்பு வேண்டும். டிரெட்மில்லில் பெல்ட்டுக்கும் அதன் அடிப்பலகைக்கும் நடுவே எண்ணெய் வற்றினால் உராய்வு கூடும். மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும். கடைசியில் கன்ட்ரோல் போர்டு எரியும். பெல்ட்டைத் தூக்கி உள்ளே விரலால் தடவினாலே எண்ணெய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காய்ந்திருந்தால் சிலிக்கோன் ஆயில்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால், பின் ரோலரின் இடது போல்ட்டைக் கால் சுற்று மட்டும் முடுக்கி, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட் நடுவுக்கு வர நேரமாகும். அந்தப் பொறுமை இல்லாமல் இன்னும் முடுக்கினால் மறுபக்கம் ஓடிவிடும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உதிரிபாகம் இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல மோட்டாரும் நல்ல சட்டமும் இருந்தும், ஒரே ஒரு போர்டு கிடைக்காமல் மெஷின் பழைய இரும்புக்குப் போகிறது. வாங்கியவரின் நம்பிக்கையும் அதோடு போகிறது.

அதனால், விற்பனை படுத்தாலும் உதிரிபாக இருப்பிலும் சர்வீஸ் ஆட்களிலும் கை வைக்காதீர்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழையதைத் திரும்ப வாங்கிச் செப்பனிட்டு விற்றால் அதிலும் வருமானம் உண்டு. புதிதாக வாங்க நினைப்பவர், பக்கத்து வீட்டு மெஷின் இன்னும் ஓடுகிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார்.