கதவுக்குள் விழுந்த கண்ணாடி

மோட்டார் வண்டியில் இஞ்சினுக்கு இருக்கும் மரியாதையே தனி. அது ஒரு நாள் காலையில் இரண்டு தடவை இருமினால் போதும்; வீட்டிலுள்ளோர் அனைவரும் வாசலுக்கு வந்து கவலையுடன் நிற்பார்கள். ஆனால், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறதே, அதை யாராவது எப்போதாவது க்ஷேமலாபம் விசாரித்ததுண்டா? நாம் விசாரித்ததில்லை. விசாரியாமல் இருந்த குற்றம் நம்முடையது. தண்டனை அனுபவித்தவர் நம் தாயார். நேயர்களில் சிலராவது இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தங்கள் வண்டிக் கதவைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையினால் அந்தக் கதையை இங்கே சொல்லத் துணிகிறோம்.

கோத்தகிரிக்கு அருகில் நமக்குச் சொற்பமாகத் தேயிலைத் தோட்டம் உண்டு. தோட்டத்துக்குப் போகும் பாதை, பாதை என்று பெயர் பெற்றதே தவிர, பாதி நாள் ஓடையாகவும் பாதி நாள் பாறையாகவும் இருக்கும். ஆகையால், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப்பு ஒன்றை நம் தகப்பனார் வாங்கி வைத்தார். அவர் காலமான பிறகு ஆஸ்தியோடு அதுவும் நம்மிடம் வந்தது. கூடவே அதன் குறைகளும் வந்தன.

அவற்றில் ஒன்று இடது கதவுக் கண்ணாடி. கைப்பிடியைச் சுற்றினால் முக்கால் வாசி உயரம் ஏறும். அப்புறம் 'கடக், கடக்' என்று சப்தம் போடுமே ஒழிய, மேலே ஏறாது. உடனே நாம் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் இருபுறமும் அழுத்தி மேலே தூக்கிவிடுவோம். இதை ஒரு சாமர்த்தியமாகவே கருதி வந்தோம்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் பார்த்து வையேன்!" என்பார் தாயார்.

"ஆகட்டும், அம்மா!" என்போம் நாம்.

இந்தச் சம்பாஷணை இரண்டு வருஷ காலம் ஓர் எழுத்துக்கூட மாறாமல் நடந்து வந்தது.

2023-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில், தாயாருக்குக் கண் பரிசோதனை செய்விப்பதற்காகக் கோயமுத்தூர் போய்விட்டு மாலையில் திரும்பினோம். கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வானம் பிளந்துகொண்டது. நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. 'தொபுக்'கென்று ஒரு சப்தம். இடது பக்கத்துக் கண்ணாடி, இருந்த இடம் தெரியாமல் கதவுக்குள் போய்விட்டது.

கைப்பிடியைச் சுற்றினால் அது காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. வண்டியை நிறுத்தலாமென்றால் மூடுபனி. பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரியப் போவதில்லை. மண் சரியுமோ என்ற பயம் வேறு. தாயார் வண்டிக்குள்ளேயே குடையை விரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டார். முதலில் நாங்கள் இருவருமே சிரித்தோம். ஒரு மைல் தூரம் போவதற்குள் சிரிப்பு நின்றது. காற்று குடையை மடக்கிற்று. எழுபத்தாறு வயது உடம்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாரலில் நனைந்தது. வீடு வந்து சேர்ந்தபோது அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மறுநாள் ஜுரம், மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல், அப்புறம் எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். அந்த எட்டு இரவுகளிலும் கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மூச்சிலும் அந்தக் 'கடக், கடக்' சப்தம் நம் காதில் ஒலித்தது.

தாயார் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக வண்டியைப் பெரிய பட்டறை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றோம். அங்கிருந்த வாலிபர் கதவைத் திறந்து பார்க்கவேயில்லை. "இந்த மாடலுக்குக் கண்ணாடி மெஷின் கிடைக்காது, சார்! பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்குகிற மாதிரி மின்சார மோட்டார் வைத்துவிடலாம்" என்றார். பொத்தானை அமுக்கும் நாகரிகம் புதியது அல்ல. 1940-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் பாக்கார்டு வண்டிகளுக்கு அது வந்துவிட்டது. ஆனால், ஓடையில் இறங்கும் வண்டியின் கதவுக்குள் மின்சாரக் கம்பியும் மோட்டாரும் வைக்க நமக்குத் தைரியம் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் நம் தகப்பனார் காலத்திலிருந்து ஜீப்பு வேலை பார்த்து, இப்போது கை நடுக்கத்தினால் ஓய்ந்திருக்கும் மேஸ்திரி ஒருவரிடம் போய் நின்றோம்.

"கை எனக்கு நிற்காதுங்க, தம்பி. நீங்க கழட்டுங்க, நான் சொல்றேன்" என்று அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவ்வாறாக நாம், ஐம்பத்திரண்டாம் வயதில், சீடரானோம்.

முதலில் கைப்பிடி. எங்கும் திருகாணி தென்படவில்லை. பலப்பிரயோகம் செய்யத் தொடங்கினோம். மேஸ்திரி தடுத்து, ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இப்படியும் அப்படியும் இழுக்கச் சொன்னார். குதிரை லாடம் போன்ற சிறு கிளிப்பு ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. கைப்பிடி தானாகக் கழன்று வந்தது. பிறகு கதவின் உட்பலகையையும், அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் எடுத்தோம். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாமென்று கண்டிப்பாக உத்தரவாயிற்று. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதானாம்.

"கதவுக்குள் தண்ணீர் இறங்குமா?" என்று கேட்டோம்.

"இறங்கத்தானுங்க செய்யும்! கண்ணாடி ஏறி இறங்குற சந்தில் மழை போகாமல் இருக்குமா? போற தண்ணி வெளியே வர அடியிலே ஓட்டை வைச்சிருக்கான். அதைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். கதவின் அடியிலிருந்த மூன்று ஓட்டைகளும் சேற்றினால் அடைபட்டிருந்தன. ஆணியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டிற்று. அப்போதுதான் ரகசியம் விளங்கியது. கண்ணாடியின் அடிவிளிம்பு ஓர் இரும்புத் தகட்டுத் தவாளியில் பதிந்திருக்கிறது. கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் தவாளி கதவின் அடியிலிருக்கும் ஈரத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது. பல வருஷ ஈரம் அதை அப்பளமாக்கிவிட்டது. பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் தவாளி பிளந்து, அதற்குள் ஓடிய உருளை வெளியே வந்துவிட்டது. கண்ணாடி மட்டும் உடையவில்லை. அது பக்குவம் செய்த கெட்டிக் கண்ணாடி. உடைந்தால் ஒரேயடியாகச் சிறு மணிகளாய் உதிருமே தவிர, கீறல் விட்டு நிற்காது.

நாலு போல்ட்டுகளைக் கழற்றி மெஷினை வெளியே எடுத்தோம். இத்தனை நாள் நாம் அலட்சியம் செய்த அந்த யந்திரத்தின் புத்தியைக் கண்டு வியந்தோம். கைப்பிடி ஒரு சிறு பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அது விசிறிபோல் இருக்கும் ஒரு பெரிய பல் தகட்டைத் தள்ளுகிறது. தகட்டோடு சேர்ந்த இரண்டு கைகள் கத்தரிக்கோல்போல் விரிந்து, நுனியிலுள்ள உருளைகளால் கண்ணாடியைத் தூக்குகின்றன. கடிகாரச் சுருள் போன்ற ஒரு வில் கண்ணாடியின் பாரத்தில் பெரும் பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டுக்குள் இன்னொரு சுருள் இருக்கிறது. நாம் கைப்பிடியைச் சுற்றினால் அது சுருங்கி வழி விடும். கண்ணாடி தன் பாரத்தினால் கீழே இறங்கப் பார்த்தாலோ, விரிந்து கூட்டின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் சொன்னால் கேட்கும். வெளியே இருக்கும் மேடும் பள்ளமும் சொன்னால் கேட்காது. நல்ல வேலைக்காரனுக்கு இதைவிட என்ன லட்சணம் வேண்டும்?

"அந்தப் பெரிய வில்லுகிட்ட ஜாக்கிரதைங்க! பல் சக்கரத்தைப் பிரிக்கிறதுக்கு முந்தி அந்தக் கையைப் பட்டையோடு சேர்த்து ஒரு போல்ட்டு போட்டுப் பூட்டிடுங்க. இல்லேன்னா சுழன்று வந்து விரலைக் கொண்டு போயிரும்" என்றார் மேஸ்திரி. தம் இடது கைச் சுட்டு விரலை நீட்டிக் காட்டினார். அதில் நுனி இல்லை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

'கடக், கடக்' சப்தத்துக்குக் காரணம், பல் தகட்டின் ஓரத்தில் நாலு பற்கள் தேய்ந்திருந்ததுதான். கண்ணாடி மேலே போய் முட்டிய பிறகும் நாம் இறுக்கிச் சுற்றும் வழக்கமே அவற்றைத் தின்றுவிட்டது. பற்களை வெல்டிங்கினால் நிரப்பி, அரத்தினால் ராவிச் சரி செய்தோம். லேத்துப் பட்டறையில் நைலான் கோலிலிருந்து இரண்டு உருளைகள் கடைந்து வாங்கினோம். டிங்கர் ஒருவர் தகட்டை வளைத்துப் புதுத் தவாளி செய்து கொடுத்தார். அதில் ரப்பர் பட்டை வைத்துக் கண்ணாடியைப் பதித்தோம். பல்லுக்கும் உருளைக்கும் கிரீஸ் தடவினோம். கண்ணாடி ஓடும் பக்கத்துத் தடத்துக்கு மட்டும் கிரீஸோ எண்ணெயோ கூடாதென்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும், தூசியும் ஒட்டும், அதற்குச் சிலிக்கான் தெளிப்புத்தான் ஏற்றது. சந்தில் தேய்ந்திருந்த பீடிங்கையும் மாற்றினோம். மொத்தச் செலவு ரூ. 1,150, நேரம் ஒரு பகல்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது, "முதல் ஜீப்பிலே இந்த வம்பே கிடையாதுங்க" என்றார் மேஸ்திரி. வாஸ்தவந்தான். 1941-ம் வருஷத்தில் யுத்தத்துக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்புக்குக் கதவே இல்லை. மழை வந்தால் கான்வாஸ்தான். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் தோன்றியது. அந்த வம்சத்து வண்டிகளுக்கு வெகு காலம் பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிதான். சுற்றி ஏற்றும் கண்ணாடி 1984-ல்தான் வந்தது. பக்கவாட்டில் போகும் கண்ணாடிக்குப் பூமியோடு சண்டை இல்லை; தள்ளிய இடத்தில் நிற்கும். மேலே ஏறும் கண்ணாடியைப் பூமி எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்க யாராவது ஓயாமல் பாடுபட வேண்டும். அந்தப் பாட்டை நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வில்லும் ஒரு சுருளும் பட்டுக்கொண்டிருந்தன. கண்ணில் படாமல் பாரம் சுமப்பவரின் முறையீடு காதில் ஏறுவதில்லை. நம் வீட்டில் ஏறவில்லை.

கூலி கொடுக்கப் போனோம். "வேலை செய்தது நீங்கதானே, தம்பி!" என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். தேயிலைப் பொட்டலம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தாயாரை அழைத்தோம். அவர் மெள்ள நடந்து வந்து, தமது பழைய இடத்தில் அமர்ந்து, இரண்டே விரல்களால் கைப்பிடியைச் சுற்றினார். சப்தமில்லாமல் கண்ணாடி ஏறி, மேலே போய்ப் பொருந்தி நின்றது. இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து நின்றோம்.

"இவ்வளவுதானா வேலை?" என்று கேட்டார் தாயார்.

"இவ்வளவுதான், அம்மா!" என்றோம். மேற்கொண்டு பேச நமக்கு நா எழவில்லை.

இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்தவுடன் ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு கதவுகளின் அடியிலுள்ள ஓட்டைகளைக் குத்திவிடுகிறோம். தாயார் திண்ணையில் உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்க்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறதென்று சென்ற வாரம் சொன்னார். அன்று மாலைக்குள் அதற்குப் புது வாஷர் போட்டாகிவிட்டது.