ஏழாம் மாத வயிறு

பொய் வயிறு என்றதும் எல்லாரும் தலையணையைத்தான் நினைக்கிறார்கள். சேலைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு மேடைக்கு வரும் பையனைப் பார்த்து ஊரே சிரிக்கும். பத்து நிமிஷத்தில் அது தொடைக்கு இறங்கிவிடும், இன்னும் சிரிப்பார்கள். சிரிக்க வைக்கத் தலையணை போதும். நம்ப வைக்கப் போதாது.

எனக்கு இது தெரிய வந்தது 1996இல். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியை நான், வீடு வலையபட்டி. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கர்ப்பிணி வேஷம். இலவம் பஞ்சை அடைத்து நான் தைத்துக் கொடுத்ததை ஒத்திகையில் பார்த்த கிராம சுகாதார நர்ஸ் சொன்னார்: "டீச்சர், இது வயிறு இல்ல. தொப்பை."

அந்த அம்மாதான் எனக்குப் பாடம் எடுத்தார். ஐந்தாம் மாசம் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு வரும். ஒன்பதாம் மாசம் மார்க்குழி வரைக்கும் ஏறும். பிரசவம் நெருங்கையில் கொஞ்சம் கீழே இறங்கும். இருபதாவது வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரைக்கும் டேப் பிடித்தால், எத்தனை சென்டிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை வாரம். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கவிட்டிருக்கும் எனக்கு இது பெரிய ஆச்சரியம். இருபது வருஷமாய் இடுப்பும் மார்பும் அளந்த டேப்பில் மாசமும் அளக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லையே!

அப்புறம் கனம். பிள்ளை மூன்று கிலோ, நஞ்சு அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய, கர்ப்பப்பை மட்டும் ஒரு கிலோ. ஐந்து கிலோவுக்கு மேல் முன்னால் தொங்குகிறது. பஞ்சுக்கு ஏது கனம்? கனம் இல்லாவிட்டால் முதுகு வளையாது, கால் அகலாது, உட்காரும்போது கை தானாகப் பின்னால் ஊன்றாது. நடிக்கத் தெரிந்தவர்கள் இதையெல்லாம் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். கனத்தைக் கட்டிவிட்டால் நடிக்கவே வேண்டாம். 2016இல் ஜப்பானில் மூன்று மாகாண ஆளுநர்கள் 7.3 கிலோ எடையுள்ள கர்ப்பச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியேறவும் வீட்டு வேலை செய்யவும் திணறிய படத்தை என் மகன் போனில் காட்டினான். ஆண்கள்தான், ஆனால் அசல் ஏழு மாசக்காரி நடை.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். பழைய பாடி ஒன்றை எடுத்து, தோளிலிருந்து தாங்குகிற மாதிரி அகலப் பட்டை வைத்தேன். இடுப்பில் மட்டும் கட்டினால் எந்த வயிறும் சரியும். உள்ளே சின்னச் சின்னச் சுருக்குப் பைகளாகக் கேழ்வரகு, மொத்தம் மூன்று கிலோ, எல்லாம் அடிப்பாகத்தில். ஒரே பையாகப் போட்டால் பக்கவாட்டில் ஓடும். வண்டு விழாமல் இருக்கக் காய்ந்த வேப்பிலை. மேலே இலவம் பஞ்சு, விளிம்புக்கு வர வர மெலிசாக. விளிம்பு மெலியாவிட்டால் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தொப்புளுக்குத் துணியில் ஒரு சின்ன முடிச்சு.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்டாங்கிச் சேலை. கட்டம் போட்ட சேலை வயிற்றின் மேல் கணக்கு நோட்டுத்தாள் மாதிரி விரியும். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தப் பக்கம் பஞ்சு கட்டி தட்டியிருக்கிறது என்று கட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும். கண்டாங்கிக்குள் நிற்கிற வயிறு எந்தச் சேலைக்குள்ளும் நிற்கும். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். நாடகத்தன்று முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "யாருடி இது, இந்த வயசுல?" என்று நிஜமாகவே பதறிவிட்டார்.

மறு வருஷம் ஒரு ஆச்சி வீட்டுக்கு வந்தார்கள். (இதை எழுத அவர்கள் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அந்தக் குடும்பம் இப்போது ஊரில் இல்லை. அடையாளம் தரும் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.) வயசு முப்பத்து நாலு. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். வந்தவுடனே பேசவில்லை. ஜாக்கெட் துணி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மடித்து மடித்துப் பிரித்தார்கள்.

"டீச்சர், அந்த நாடகத்துல ஒரு வயிறு செஞ்சீகளே..."

"ஆமா ஆச்சி."

"எனக்கு ஒண்ணு வேணும். அஞ்சாம் மாசம், ஏழாம் மாசம், ஒம்பதாம் மாசம். மூணு."

மதுரையில் ஒரு இல்லத்தில் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளப் பேசி முடித்திருந்தார்கள், வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்து. ஊருக்கு வயிற்றைக் காட்டிவிட்டு ஏழாம் மாசத்துக்கு மேல் சென்னையில் இருந்துகொண்டு, குழந்தையோடு திரும்பி வருவதாகத் திட்டம். ஏன் இத்தனை பாடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தத்து எடுப்பது செட்டிநாட்டில் ஒளித்துச் செய்கிற காரியமே இல்லை. 'பிள்ளை கூட்டுதல்' என்று ஊர் கூடி, விருந்து வைத்து, எழுத்தில் பதிந்து செய்கிற சடங்கு. எத்தனையோ பெரிய வீடுகள் கூட்டிய பிள்ளைகளால் நின்றவை. ஆனால் அது ஆண்பிள்ளை. அதுவும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளை. நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணமானவர்களைக் கோயிலில் 'புள்ளி' என்று கணக்கு வைப்பார்கள். ஒருவர் யார் என்பதற்குக் கோயில்தான் பதில். இல்லத்திலிருந்து வரும் குழந்தைக்கு எந்தக் கோயில்?

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்று 1956ஆம் வருஷச் சட்டமே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் மகனைத்தான் தத்து எடுக்க முடியும். சட்டம் மாறி நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகும் ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து பஞ்சு வயிறு கேட்கிறாள். கோயில் கணக்கைக் குறை சொல்லி எழுதுவது எனக்கு ஆகாத வேலை, நான் அந்தச் சமூகமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கின் கனத்தை, மூன்று கிலோ கேழ்வரகாய், என் கையால் நிறுத்துப் போட்டேன். அதனால் இவ்வளவாவது சொல்லலாம்.

பொய் வயிறு என்றால் நம் ஊரில் சாம்பன் கதைதான். கிருஷ்ணன் மகனுக்குப் பெண் வேஷம் கட்டி, கர்ப்பிணி என்று முனிவர்கள் முன்னால் நிறுத்தி, "என்ன குழந்தை பிறக்கும்?" என்று கேலி பேசினார்கள் யாதவப் பையன்கள். இரும்பு உலக்கை பிறக்கும், அது உங்கள் குலத்தையே அழிக்கும் என்று சாபம். மகாபாரதத்தில் அதற்கென்றே ஒரு பர்வம், மௌசல பர்வம். அந்த ஆச்சிக்கும் கதை தெரியும். "உலக்கை பெறப் போறேன் டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது விளையாட்டுக்குக் கட்டிய வயிறு. இது அப்படியா?

செய்து கொடுத்தேன். சரியா தப்பா என்று கேட்டால், இன்னொருத்தி அந்த நிலைமையில் வந்தால் இன்றைக்கும் செய்து கொடுப்பேன்.

ஏழாம் மாச வயிற்றை என் வீட்டுக் கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்தார்கள். சேலையைச் சரிசெய்து நிமிர்ந்ததும், யாரும் சொல்லாமலே இடது கை வயிற்றின் அடியில் போய்த் தாங்கியது. அப்படியே நின்றார்கள். நான் பின்பக்கம் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன், முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "கழட்டிடவா ஆச்சி?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்கள்.

பிற்பாடு 2012இல் 'கஹானி' படத்தில் வித்யா பாலன் அந்த நடையில் கல்கத்தா முழுக்க நடந்தபோது, பட்டை எங்கிருந்து தாங்குகிறது என்றுதான் என் கண் தேடியது. தொழில் புத்தி. அதையே தமிழில் 'நீ எங்கே என் அன்பே' என்று எடுத்தபோது கர்ப்பத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு ஏமாற்றம்தான்.

திட்டம் நடந்தது. குழந்தை வந்தது, ஊர் வந்து பார்த்தது, மூக்கு அப்பச்சி மாதிரி என்றார்கள். மாமியார் ஆச்சி ரொம்பக் கண்டிப்பு. வளவில் அவர் குரல் கேட்டால் இரண்டாங்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் தலையணை உறை தைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்கள்: "ஏழாம் மாசத்துக்குப் பஞ்சு கொஞ்சம் கூடிப்போச்சு டீச்சர். எங்க வீட்ல யாருக்கும் அம்புட்டு வயிறு வராது." நான் டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். அவர்கள் ஓடி வந்த பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உறைக்கு நாடா வைப்பதா பட்டன் வைப்பதா என்று கேட்டார்கள். மருமகளிடம் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்றைக்கு இது நடக்காது. கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்ஸிடம் சொல்லி பிக்மி எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் கேட்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எல்லாம் கம்ப்யூட்டரில். கேழ்வரகுக்கு எண் தர மாட்டார்கள். வயிறு மட்டும் ஆன்லைனில் சிலிகானில் வருகிறதாம், தோல் நிறத்தில், மாசவாரியாக.

போன வருஷம் அந்தப் பெண் வந்தது. வேலை பார்க்கிற இடத்தில் விரும்பிக் கல்யாணம், வேறு சமூகம், கோயில் கேள்வியே எழவில்லை. ஆறு மாசம். ஜாக்கெட்டெல்லாம் பிரித்துத் தையல் விட வேண்டும் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தது. டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாராம். அம்மாவுக்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அதனால் கூடுதலாக டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுக் கேட்டது:

"நான் வயித்துல இருந்தப்ப அம்மா எப்டி இருந்தாங்க டீச்சர்? நீங்கதான் அவங்களுக்குத் தச்சுக் குடுப்பீங்களாமே. ரொம்ப வாந்தியா?"

மெஷினில் ஊசி மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். "அம்மாகிட்டயே கேளு கண்ணு" என்றேன்.

அது போனதும் சென்னைக்குப் போன் போட்டேன். "ஆச்சி, பிள்ளைக்கு டாக்டர் தப்பான கணக்குல மருந்து பாக்குறாரு. இனிமே இது ஒங்க ரகசியம் இல்ல, அவ உடம்பு" என்றேன். இருபத்தேழு வருஷத்தில் நான் அவர்களிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "எப்டித் தொடங்குறது டீச்சர்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். மகள் முகம் வீங்கியிருந்தது. பேச்சு அதிகம் இல்லை. அம்மாவைப் பார்க்காமல்தான் உட்கார்ந்தது. ஆச்சி பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்கள். ஏழாம் மாச வயிறு. பெட்டகத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். பஞ்சு மஞ்சளாகி, ஒரு பட்டை இற்றுப்போய்.

மகள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தது. நினைத்ததைவிடக் கனம் போலிருக்கிறது, இன்னொரு கையையும் கொடுத்தது.

"இதையா கட்டிக்கிட்டு நடந்தீங்க?"

"நாலு மாசம்" என்றார்கள் ஆச்சி.

"வெயில்லயுமா?"

"சித்திரை, வைகாசி. முதுகெல்லாம் வேர்க்குரு."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கையை விட்டு ஒரு சுருக்குப் பையை வெளியே இழுத்து, முடிச்சை அவிழ்த்தது. கேழ்வரகு மாவாய் உதிர்ந்து தரையில் கொட்டியது. நான் விளக்குமாறு எடுக்கப் போனேன்.