நின்றுபோன நிரலிடம் கேட்பது

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணையில் இரண்டு கிளைகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. காவிரியில் மிகும் நீரை அங்கே உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் விட்டுவிடலாம். பிரிந்த ஆறு இப்படி ஒரு குறுக்குவழியில் திரும்பவும் கைகோத்துக்கொள்வதைத் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினிக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து சி++ மொழியில் ஒரு நீரோட்டக் கணிப்பு நிரல் எழுதி வருகிறோம். மேட்டூரில் இத்தனை கன அடி திறந்தால் மாயனூர் கதவணையைத் தாண்டி முக்கொம்பிலுள்ள மேலணைக்கு எப்போது, எவ்வளவு வந்து சேரும், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று அது கணக்கிடும். இந்தக் கட்டுரை அந்த நிரலைப் பற்றியது அல்ல. நிரல் தடுக்கி விழும்போது அதன் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க நாங்கள் எழுதும் சின்னச் சின்னக் கட்டளைகளைப் பற்றியது. என் வேலையில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான்.

ஓடும் நிரலை நிறுத்தி, அதன் நினைவகத்தைத் திறந்து பார்க்கும் கருவி டீபக்கர். நாங்கள் பயன்படுத்துவது ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதியது. அதற்கு ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால் மதிப்பைக் காட்டும். முகவரியைக் கொடுத்தால் அங்கே கிடக்கும் பைட்டுகளைக் காட்டும். ஆனால் அதற்கு ஆறு தெரியாது. முக்கொம்பைக் கேட்டால் பாயின்டர்களும் பதினாறடிமான எண்களும் திரை நிறைய வந்து விழும். அந்தக் குவியலில் கொள்ளிடத்தின் நீரளவைத் தேடுவதற்குள் எதற்காகத் தேடினோம் என்பதே மறந்துபோகும்.

2009இல் வந்த ஜிடிபி 7.0 பதிப்பு இந்த நிலையை மாற்றியது. டீபக்கருக்குள்ளேயே பைத்தான் வந்தது. ஜிடிபி தரும் கமாண்ட் என்ற வகுப்பிலிருந்து நம் வகுப்பை உருவாக்கி, அதற்கொரு பெயர் வைத்து, இன்வோக் என்ற செயற்கூற்றில் செய்ய வேண்டியதை எழுதி, அந்த வகுப்பின் பொருள் ஒன்றை உருவாக்கினால் போதும். டீபக்கரோடு பிறந்த கட்டளைகளுக்குப் பக்கத்தில் நம் கட்டளையும் உட்கார்ந்துவிடும். வகுப்பின் தலையில் எழுதும் விளக்கவுரையே ஹெல்ப் கேட்பவருக்குப் பதிலாகப் போகிறது. பைத்தான் மொழியைக் கட்டியவர்களே தங்கள் மொழிபெயர்ப்பி விழும்போது பார்க்க பை-பிடி என்ற கட்டளையை இந்த வழியில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலிலும் 2015 முதல் எல்எக்ஸ்-டிமெசேஜ், எல்எக்ஸ்-பிஎஸ் போன்ற கட்டளைகள் உண்டு. பெரிய நிரல்களோடு வாழ்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து சேர்கிறார்கள்.

எங்கள் முதல் கட்டளையின் வடிவத்தைத் தீர்மானித்தவர் என் மாமா. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மதகு ஏற்றி இறக்கிய கை. திரையில் ஓடிய எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு எதுக்கு? மேல இருந்து எவ்வளவு வருது, காவிரில எவ்வளவு, கொள்ளிடத்துல எவ்வளவு, எத்தனை மதகு தூக்கியிருக்கு. அதைச் சொல்லு போதும்" என்றார். அந்த நான்கையும் அவர் சொன்ன வரிசையிலேயே ஒரே வரியில் காட்டும்படி எழுதினோம். கட்டளைக்குப் பெயர் 'அணை', தட்டுவது ஆங்கில எழுத்தில். 'அணை முக்கொம்பு' என்று தட்டினால் அந்த ஒரு வரி வரும். பிழை இருந்தால் பல நேரம் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். மேலணையில் நீர் தேங்கும் இடம் குறைவு. ஆகவே வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும்.

எழுதுவது எளிது. நம்பும்படி எழுதுவதுதான் கடினம். சாதாரண நிரல் எழுதுகிறவர் தரவு ஒழுங்காக இருக்கும் என்று எண்ணி எழுதலாம். டீபக்கர் கட்டளை எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏதோ ஒன்று கெட்டுப்போனதால்தான் அந்தக் கட்டளையைக் கூப்பிடுகிறார்கள். பட்டியலின் அடுத்த கண்ணியைக் காட்டும் பாயின்டர் குப்பையாக இருக்கலாம், பட்டியல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கலாம், எண்ணிக்கை எதிர்மறையாக இருக்கலாம். எனவே நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். போன இடங்களைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். எங்கள் ஆற்றில் இது பிழை இல்லாத நாளிலும் தேவைப்படுகிறது. மரக்கிளை போல எண்ணிக்கொண்டு முக்கொம்பிலிருந்து இறங்கினால், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிக்கு நேரே ஒரு முறையும் உள்ளாறு வழியே இன்னொரு முறையும் போய்ச் சேருவோம். அதே நீர் இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

படிக்க முடியாத முகவரியைத் தொட்டால் ஜிடிபி மெமரிஎரர் என்ற விதிவிலக்கை எழுப்பும். அதைப் பிடிக்காமல் விட்டால் கட்டளை பாதியில் செத்துப்போகும். கொள்ளிடம் பக்கம் கெட்டிருந்தால் அந்த இடத்தில் 'படிக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டுக் காவிரி பக்கத்தை முழுதாகக் காட்ட வேண்டும். அரைகுறை விடைதான் அந்த நேரத்தில் பெரிய துணை. எது கெடவில்லை என்று அது சொல்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஜிடிபி நமக்குத் தரும் மதிப்புகள் சோம்பேறி மதிப்புகள். 'இந்த இடத்தில் இருப்பது' என்று குறித்துக்கொள்ளுமே தவிர, நாம் அதை எண்ணாக மாற்றவோ அச்சிடவோ முனையும்வரை நினைவகத்தைப் படிக்காது. ஆகவே விதிவிலக்கு நாம் எதிர்பார்க்கும் வரியில் எழாமல் பத்து வரி தள்ளி எழும். இன்னொரு சங்கடம் இதைவிட ஆழமானது. இப்போதைய நீரளவைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிரலை ஒரு படி ஓடவிட்டு, புதிய அளவோடு ஒப்பிட நினைக்கிறோம். முதல் மதிப்பு இன்னும் படிக்கப்படாமல் இருந்தால் இரண்டுமே புதிய அளவாகத்தான் வரும். வேறுபாடு சுழி என்று திரை சொல்லும். வாங்கிய கணமே ஃபெட்ச்-லேசி என்பதை அழைத்துப் படித்துவிடுவதுதான் வழி.

அடுத்தது, நிரலின் செயற்கூறுகளையே டீபக்கரிலிருந்து அழைக்கும் ஆசை. வெளிப்போக்கைக் கணக்கிடும் செயற்கூறு ஏற்கெனவே நிரலில் இருக்கிறதே, அதையே கூப்பிட்டால் என்ன என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். "கோர் கோப்புல எப்படிம்மா கூப்பிடுவே?" என்று கேட்டேன். விழுந்த நிரலின் நினைவகப் படம்தான் கோர் கோப்பு. அதில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கும் நிரலிலும் ஆபத்துதான். நின்றுபோன இழை ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், நாம் அழைத்த செயற்கூறு அதே பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும். அதனால் புலங்களை மட்டும் படித்து, கணக்கைப் பைத்தானில் நாங்களே போடுகிறோம். ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதுவது நல்ல பழக்கம் இல்லை என்பார்கள். இங்கே அது நல்லது என்பது என் முடிவு. இரண்டு கணக்கும் முரண்படும் இடத்தில் பிழை கண்ணில் படுகிறது.

நிரலைக் குறித்த இடத்தில் நிறுத்தும் பிரேக்பாயின்டையும் இப்படிப் பழக்கலாம். அதன் ஸ்டாப் என்ற செயற்கூற்றை நாம் எழுதினால், உண்மை என்று திருப்பும்போது மட்டும் நிரல் நிற்கும். வரவும் செலவும் ஒத்துவராத முதல் நேரப்படியில் நில் என்று முக்கொம்பில் ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நிரல் உள்ளுக்குள் நின்றுதான் கிளம்புகிறது என்பதால் ஓட்டம் மிகவும் மெதுவாகும். கோடிக்கணக்கில் சுழலும் இடத்தில் இதை வைக்கக் கூடாது, சோதனையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம்.

1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டத் தொடங்கிய மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 45 மதகுகள் இருந்தன. 2018 ஆகஸ்ட் 22 இரவு அவற்றில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அந்த இரவை எங்கள் நிரலில் ஓட்டிப் பார்த்தபோதுதான் 'அணை' கட்டளையில் ஒரு குறை தெரிந்தது. மதகுகளை அது திறந்தவை, மூடியவை என்று இரண்டாகத்தான் எண்ணியது. இல்லாமலே போன மதகைத் திறந்தது என்று காட்டினால், அதை மூடிவிடலாம் என்று பார்ப்பவர் நினைப்பார். இப்போது இல்லாமல் போனவற்றுக்கென்று தனியாக ஓர் எண்ணும் அந்த வரியில் வருகிறது.

விழுந்த நிரல்களின் கோர் கோப்புகளை, அவற்றை உண்டாக்கிய நிரல் பதிப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைக்கிறோம். சிலவற்றை வேண்டுமென்றே கெடுத்தும் வைத்திருக்கிறோம். கட்டளையில் ஒரு வரி மாற்றினாலும் ஜிடிபியைப் பேட்ச் முறையில் அவற்றின் மேல் ஓட்டி, பழைய விடைகளோடு ஒப்பிடுகிறோம். அடுத்து எழுத வேண்டியது 'அணை கல்லணை'. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு பக்கம் போகிறது. ஒரே வரியில் எதை முதலில் வைப்பது என்று மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை.