காரைத் திருப்பும்போது...

என் மகளுக்குக் கார் ஓட்ட நான்தான் கற்றுத் தருகிறேன். நேராக ஓட்டுவது சீக்கிரம் வந்துவிட்டது. குறுகிய தெருவில் திருப்புவதுதான் பெரும்பாடு! முன் கியரும் ரிவர்ஸும் போட்டுத் திருப்பிக் காட்டுவது, 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லைசென்ஸ் டெஸ்டிலேயே உண்டு.

இடது ஓரம் நிறுத்தி, இருபுறமும் பார்த்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து மெல்லப் போக வேண்டும். எதிர் ஓரம் வருமுன் நிறுத்தி, இடப்பக்கம் ஒடித்து ரிவர்ஸில் வர வேண்டும். மறுபடி வலப்பக்கம் ஒடித்தால் வண்டி திரும்பிவிடும்.

"அவ்வளவுதானேம்மா?" என்றாள்.

"இல்லைடி! பின்னால குழந்தை உட்கார்ந்திருந்தா கண்ணாடியில தெரியாது. முதல்ல இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வா" என்றேன்.

பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், பதறக் கூடாது. சகோதரிகளே, வீட்டு வாசலில் கார் பின்னால் வரும்போது, உங்கள் குழந்தை யாராவது ஒருவர் இடுப்பில் இருக்கட்டும்!