மென்ற காகிதம்

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு. மஞ்சக்குப்பம், கடலூர்.

வெள்ளிக்கிழமை கொடுத்த சுற்றறிக்கை இன்றைக்குத்தான் பாப்பாவின் பையின் அடியிலிருந்து வெளியே வந்தது. ‘கழிவிலிருந்து கலை’ என்று தலைப்பு. வீட்டில் வீணாகும் பொருளைக் கொண்டு ஏதாவது செய்து செப்டம்பர் 19-க்குள் ஒப்படைக்க வேண்டும். பத்து மதிப்பெண்.

சாயங்காலம் ஸ்டேஷனரி கடைக்குப் போனால் எனக்கு முன்னால் நாலு அம்மாக்கள் நிற்கிறார்கள். ஐஸ் குச்சி ரெண்டு கட்டு, தெர்மாகோல் ஒரு ஷீட்டு, கிளிட்டர், குளூ கன். ஐஸை யாரும் சாப்பிடவில்லை. குச்சி மட்டும் புதுசாக, பாலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. கழிவைக் காசு கொடுத்து வாங்கி, கலையாக்கி, ஒரு வாரம் பள்ளிக்கூட மேஜையில் வைத்து, அப்புறம் நிஜமான கழிவாக்கிக் குப்பை வண்டியில் போடுகிறோம். நான் ஒன்றும் வாங்காமல் வீறாப்பாகத் திரும்பி வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு, ஒரு கட்டு வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆயா ஞாபகம் வந்தது. மூங்கில் முறம் புதிதாக வாங்கினால் அப்படியே புழங்க மாட்டாள். பழைய பேப்பரை ரெண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, வெந்தயத்தையும் ஊற வைத்து, இரண்டையும் ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டுவாள். அந்தக் கூழை முறத்தின் இண்டு இடுக்கெல்லாம் பூசிக் காயவிட்டால் ஒரு தானியம் கீழே சிந்தாது. வெந்தயம் போட்டால் கூழ் கெட்டிப்படும், பூச்சியும் அண்டாது. அதே கூழைக் குடத்தின் மேல் அப்பிக் கூடை செய்வாள். அரிசி, மிளகாய், கறுப்பு உளுந்து எல்லாம் அந்தக் கூடைகளில்தான் இருந்தன. யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை. கழிவு என்றும் சொன்னதில்லை.

அப்படி ஒரு கூடை செய்யலாம் என்று, ஊறின பேப்பரை நான் மிக்சியில் போட்டேன். பிளேடு சுற்றவே இல்லை, உறுமியது. ஆட்டுக்கல் இப்போது பின்கட்டில் துளசிச் செடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் பாப்பாவும் நானும் பாதியைக் கையாலேயே பிசைந்தோம். எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து, விரல் பருமனுக்கு அப்பி, மாடிப்படி அடியில் வைத்தோம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளையார் கரைப்பு. கூட்டத்தில் பாப்பா கையை விட்டுவிடக் கூடாதே என்பதிலேயே பாதிப் பொழுது போய்விட்டது. மீதிப் பொழுதில் ஒரு சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதக்கூழ், கிழங்கு மாவு, சுண்ணாம்புப் பொடியில் செய்தது போலிருக்கிறது. முதல் அலையில் வர்ணம் நெகிழ்ந்தது. மூன்றாவது அலையில் காது தொங்கியது. அப்புறம் தும்பிக்கை அட்டை அட்டையாகப் பிரிந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை நீரில் கரைக்கக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் நெறிமுறை கொண்டுவந்தது. அதிலிருந்து காகிதக்கூழுக்கு மவுசு. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை.

“கரையறதுக்குன்னே எதுக்கும்மா இவ்ளோ அழகா பண்றாங்க?” என்றாள். பதில் சொல்வதற்குள் சுண்டல்காரர் வந்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

கூடையில் பூஞ்சை. பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருக்கிறது. மாடிப்படி அடியில் வெயில் வராது என்பது வீடு கட்டின நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். போதாததற்கு ராத்திரி மழை வேறு. எடுக்கப் பார்த்தால் கூடை அண்டாவை விடவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினேன், நடுவில் பிளந்துகொண்டது. உள்ளே இன்னும் ஈரம்.

செப்டம்பர் 6, சனி

வண்டிப்பாளையம் போனோம். கொலு பொம்மைக்குப் பெயர்போன இடம். இந்த மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கமும் பொம்மை வேலை உண்டு. நாங்கள் நுழைந்த தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில் தலை இல்லாத தசாவதாரம் வரிசையாகக் காய்கிறது. எதிர்வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் முப்பது கிருஷ்ணர்கள் குப்புறப் படுத்திருக்கிறார்கள். நவராத்திரிக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது. யாருக்கும் பேச நேரமில்லை. ஆனாலும் ஒரு அம்மா வேலையை நிறுத்தாமலே பேசினார்.

அச்சு இரண்டு பாதி. முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. சப்பாத்தி மாவு போலப் பிசைந்த காகிதக்கூழை அச்சுக்குள் வைத்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக்கொண்டே போகிறார். மூக்கு, விரல், நகை வருகிற பள்ளங்களில் மட்டும் விரல் ஒரு நொடி நின்று திரும்ப அழுத்துகிறது. மற்ற இடமெல்லாம் கால் அங்குலத்துக்கும் குறைவான கனம்தான். அரைகுறையாகக் காய்ந்ததும் அச்சிலிருந்து தட்டி எடுத்து, வெயிலில் போட்டு, இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டின கோட்டின் மேல் காகிதத் துண்டு ஒட்டி, வெள்ளை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பவும் வெள்ளை. வர்ணம் அதற்கு அப்புறம். கண் எல்லாவற்றுக்கும் கடைசி.

எங்கள் கூடையின் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“கனமா வச்சா கெட்டியா இருக்கும்னு நெனச்சிட்டியாம்மா? உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. ரொப்பினா காயாது. காயலன்னா வெடிக்கும். காத்து இருக்குற பொம்மைதான் நிக்கும்.”

வேலையைத் தீர்மானிப்பது கை இல்லை, வெயில். ஐப்பசி அடைமழையில் அச்சு சும்மா கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கடலூரை என்ன பாடு படுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். இது வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய தொழில். கிளம்பும்போது, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த கிளி ஒன்றின் இரண்டு பாதிகளைப் பாப்பாவுக்கு விலைக்குக் கொடுத்தார். காகிதத்தில் சுற்றி மடியில் வைத்து, ஆட்டோவில் மூச்சுவிடாமல் உட்கார்ந்து வந்தாள்.

இதை எழுதும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். சுவரில் ஒட்டின கல்யாண போஸ்டரை மாடு கிழித்து மெல்கிறது. பக்கத்துப் பாண்டிச்சேரியில் இந்தக் கைவேலைக்குப் பிரெஞ்சுப் பெயர்தான் புழக்கம், பாப்பியே மாஷே. ‘மென்ற காகிதம்’ என்று அர்த்தம். அங்கே திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. எங்கள் தெரு மாட்டுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு. சிதம்பரம்.

கீழவீதி சித்தி வீட்டுக்கு. பஸ் புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது பாப்பா தூங்கிவிட்டாள். சித்தி இட்லியும் கொத்சும் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

முதலில் கோயில். பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள் என்று சித்தி கணக்குச் சொன்னாள். மூச்சு இத்தனை, நாடி இத்தனை என்று அதற்கு விளக்கமும் உண்டு. பாப்பாவுக்குத் தங்கம் பெரிதாகப் படவில்லை. சிதம்பர ரகசியத்தின் திரை விலகினதும்தான் நுனிக்காலில் எம்பினாள். தங்க வில்வ இலைச் சரங்கள் தொங்குகின்றன. பின்னால் ஒன்றும் இல்லை.

“சாமி எங்க?”

“அதான்டி சாமி. ஆகாசம்,” என்றாள் சித்தி. பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வண்டிப்பாளையத்து அம்மாவின் பேச்சு அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது. நானாக எதுவும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது சித்தி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தாள். காஞ்சிபுரத்தில் மண் லிங்கம், அதனால் அதற்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. எந்தப் பொருளோ அதற்குத் தக்க உபசாரம். நம்ம நடராஜர் செம்பில் வார்த்தவர், அவருக்கு எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் உலோகத்துக்கும் முதலில் மெழுகும் மண்ணும்தான். சுவாமிமலையில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கெட்டியான நடராஜரும் கொஞ்ச நேரம் வெறும் பொந்தாக இருந்தவர்தான்.

சாப்பிட்டதும் சித்தி பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினாள். மரப்பாச்சி ஜோடி, செட்டியார், செட்டிச்சி, கட்டைவிரல் உயரத்தில் ஒரு துணிப் பொம்மை. துணிப் பொம்மை சுனாமிகா. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா டிசைன் ஸ்டுடியோவில், உமா பிரஜாபதி முன்னின்று, மீனவக் குடும்பப் பெண்களை வைத்துத் தையல் வெட்டில் மிஞ்சின துணியில் செய்யத் தொடங்கியது. அதை விற்க மாட்டார்கள், யாருக்கும் சும்மாதான் கொடுப்பார்கள். “எவ்ளோ?” என்று பாப்பா கேட்டதற்கு, “விலையே இல்லாததுக்கு என்னன்னு சொல்றது?” என்றாள் சித்தி. அந்த டிசம்பர் 26-ல் தேவனாம்பட்டினம் இருந்த இருப்பைப் பார்த்தவள் நான். விரல் நீளத் துணியை உருட்டித் தைக்கிற வேலை அன்றைய கைகளுக்கு என்ன கொடுத்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரிகிறது. வேறு எதையும் பற்றிக்கொள்ள முடியாத கை அதையாவது பற்றிக்கொண்டிருக்கும்.

செட்டியாருக்குத் தலை கழன்று வந்துவிட்டது. கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டுக்கோடு நெடுக காகிதத் துண்டுகள். ஒன்றில் அச்செழுத்து தெரிகிறது. ‘விலை’ என்று இருக்கிறது, அடுத்த எழுத்து மடிந்துவிட்டது. அந்த லை இப்போதைய லை இல்லை. தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய லை. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-ல் வந்தது, அதற்கு முன்னாலே படித்த சித்தி அதைப் படக்கென்று படித்துவிட்டாள். பாப்பா அதை ஓர் எழுத்தாகவே ஒப்புக்கொள்ளவில்லை. எந்த ஊரிலோ யாரோ படித்து முடித்துப் போட்ட பேப்பர், ஐம்பது வருஷமாகச் செட்டியாரின் வயிற்றுக்குள் இருட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

சித்தி மைதாப் பசை காய்ச்சினாள். துளி மயில்துத்தம் சேர்த்தாள், கரப்பான் அரிக்காமல் இருக்க. அது விஷம் என்பதால் பாப்பாவை எட்ட நிற்கச் சொன்னாள். கழுத்தில் நாலு துண்டு சுற்றினாள். செட்டியார் இனி கொஞ்சம் கழுத்து தடித்தவர்.

செப்டம்பர் 17, புதன்

ஷேர் ஆட்டோவில் கண்ணாடிக்குக் கீழே ஒரு மீன் தொங்கியது. குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை நறுக்கிப் பின்னின மீன். செதில், வால், உள்ளே சிவப்புச் சாயம் எல்லாம் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் இதைப் பின்னத் தெரிந்தவர் ஒருத்தராவது இருப்பார். நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ராத்திரி ரொம்ப நீளம். டிரைவரைக் கேட்டேன். “எங்கப்பா பின்னினதுக்கா. டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்குக் குடுத்தார்,” என்றார். மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கூடையைத் திரும்பச் செய்தோம். கனம் இல்லாமல், மொட்டைமாடி வெயிலில். அதைத்தான் ஒப்படைத்தாள். பத்துக்கு ஆறு. ‘அலங்காரம் போதவில்லை’ என்று குறிப்பு. முதல் பரிசு ஐஸ் குச்சியில் செய்த ஈஃபிள் கோபுரத்துக்கு. மிளகாய் போட்டு வைக்கக் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை.

மதியத்துக்கு மேல் கிளியை ஒட்டினோம். உள்பக்க ஒட்டுக்குப் பேப்பர் தேடினபோது பாப்பா தானாக எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ‘கழிவிலிருந்து கலை’ சுற்றறிக்கை. நீளநீளமாகக் கிழித்தாள். ஒவ்வொன்றாகப் பசை தடவி, கிளியின் முதுகுக்குள் விரலை விட்டு ஒட்டினாள். ‘தவறாமல்’ என்ற சொல் வாலுக்குப் போனது. மதிப்பெண் விவரம் கழுத்துக்கு. அப்புறம் இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினோம்.

நாலு மணிக்கு மேகம் மூடியது.

செப்டம்பர் 22, திங்கள்

கொலு வைத்தாகிவிட்டது, ஐந்து படி. கிளிக்குப் பூசின வெள்ளை இன்னும் ஈரம், தொட்டால் விரலில் வருகிறது. பச்சை அடிக்கவில்லை, கண் வைக்கவில்லை. எடுத்துவிடலாம் என்றேன், பாப்பா விடவில்லை. கடைசிப் படியில் ஓரமாக, ஃபேன் காற்று படுகிற மாதிரி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள். வெற்றிலை பாக்குக்கு வந்த எதிர்வீட்டு மாமி, “இதென்னடி, கோவிச்சிண்டிருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.