லினன் ஏப்ரன்

டஃப்டவுனில் அந்தச் சிறு அருவிக்கு லினன் ஏப்ரன் என்று பெயர். அடுப்படியில் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணி. அதே பாதையில், ஆற்றுநீர் குடைந்த பாறையொன்றுக்கு ராட்சதனின் நாற்காலி என்று பெயர். ஆணுக்கு நாற்காலி, பெண்ணுக்கு ஏப்ரன். சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

மார்ட்லக் தேவாலயத்தைத் தாண்டி, டல்லன் ஆற்றோடு மரங்களுக்குள் போகிறது பாதை. ஆறு ஓடும் பள்ளத்தாக்கை ஸ்காட்லாந்தில் கிளென் என்பார்கள். கிளென்ஃபிடிக் என்று பாட்டிலில் நாம் படிப்பது, ஃபிடிக் ஆற்றின் பள்ளத்தாக்கைத்தான்.

காற்று திரும்பியபோது புளித்த மால்ட் வாசனை வந்தது. கால்கள் நின்றுவிட்டன. வேறு தானியம், வேறு சரக்கு. என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அப்பா தள்ளாடி வரும் இரவுகளில் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பாள். அந்தத் துணியின் பெயரை யாரும் எந்த அருவிக்கும் வைக்கவில்லை.

இந்த ஸ்பே ஆற்றுப் பகுதியில்தான் ஹெலன் கம்மிங் இருந்தார். வீட்டில் திருட்டுத்தனமாக விஸ்கி காய்ச்சியவர். கலால் அதிகாரிகள் வந்தால் ரொட்டி சுடுவதுபோல் காட்டிக்கொண்டு, சிவப்புக் கொடி ஏற்றி அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பாராம். 1824இல் உரிமம் கிடைத்தது, கணவர் பெயரில். பிறகு மருமகள் எலிசபெத், கணவரை இழந்த பின் கார்டூ வடிசாலையைத் தானே நடத்தி, புதிதாகக் கட்டி, 1893இல் ஜான் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் மாணவிகள் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். அம்மா தட்டமாட்டாள். பெண் காய்ச்சினால் மட்டும் அது வேறொன்றாகிவிடுமா என்று கேட்பாள். என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டு பெண்களின் கெட்டிக்காரத்தனத்தையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

கரும்பாறைமேல் வெள்ளையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மாவை அழைத்தேன்.

“தனியாவா நிக்கிற? காட்டுலயா?”

“ஆமாம்மா. பயமா இல்ல.”

“சாராயம் காய்ச்சுற ஊருன்னியே?”

“ஊரச் சுத்தி நெறைய ஆலை இருக்கும்மா. ஆனா பொம்பளைங்க தைரியமா நடந்து போறாங்க.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“வெளிய சரிடி. வீட்டுக்குள்ள எப்பிடி இருக்காங்கன்னு யாரையாவது கேட்டியா?”

நான் கேட்டிருக்கவில்லை.