கயிறு பிடிப்பவர் யார்?

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குக் கடல் புதிதன்று, பனிதான் புதிது. மார்கழியிலும் போர்வை தேடாத ஊர் எங்கள் ஊர். நாங்கள் கண்ட பனியெல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் சாக்குப் போட்டு மூடிவைக்கும் ஐஸ் பார் ஒன்றுதான். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அண்ணனும் அதைப் படகுகளுக்குச் சுமந்து கொடுத்துக் கைச்செலவுக்குக் காசு சேர்த்ததுண்டு. பத்தடி நடப்பதற்குள் தோள் மரத்துவிடும். இறக்கி வைத்தபின் விரல்கள் மடங்க மறுக்கும். அப்போது ஒரு கயிற்று முடிச்சை அவிழ்க்கச் சொன்னால்கூட எங்களால் முடியாது. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அந்த அண்ணன் இன்று கப்பலில் மூன்றாம் அதிகாரி. சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவன், இரவுச் சாப்பாட்டின்போது மெல்லச் சொன்னான்: "அடுத்த தடவை ஆராய்ச்சிக் கப்பல். அண்டார்டிகா பக்கம் போறேன்." அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆச்சிதான் தட்டை நகர்த்தி வைத்தாள். "ஏலே, அங்க விழுந்தா யாருலே கயிறு பிடிப்பா?"

ஆச்சியின் கேள்விக்குப் பொருள் புரிய வேண்டுமானால் அவள் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை இந்தக் கரையில் நடந்த முத்துக்குளிப்புத்தான் கடைசி. அதன் பிறகு பார்களில் சிப்பி விளையவில்லை. கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். கீழேயிருந்து கயிறு அசைந்தவுடன் இழுக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் உயிர் போய்விடும். ஆகவே அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். தன் உடன்பிறந்தவள் தாலி அறுப்பதை எவன் விரும்புவான்? தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் ஆச்சியின் அண்ணன். சுறாவைக் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று மந்திரக்காரர்கள் இருந்த காலமும் உண்டு. ஆனால் ஆச்சி நம்பியது மந்திரத்தை அன்று, அண்ணன் கையை.

முத்துக்குளிப்பு நின்றதும் தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணியில் சேர்ந்தார். தோணிக்குச் சர்வே உண்டு. எவ்வளவு தாழலாம் என்று பக்கவாட்டில் கோடும் உண்டு. அந்தக் கோடு தண்ணீருக்குள் மறையும்படி ஒரு நாள் மூட்டைகளை அடுக்கினார்கள். முதலாளி பெயர் இங்கே வேண்டாம். அவரும் இன்று இல்லை. தாத்தா திரும்பி வரவில்லை. காகிதமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்ததாம்.

இத்தகைய வீட்டில்தான் அண்ணன் அண்டார்டிகா பேச்சை எடுத்தான். மறுநாள் தன் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து திண்ணையில் அமர்ந்தான். அவன் ஆச்சிக்குச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

கடல் சட்டங்கள் எல்லாம் பிணங்களின் மேல் எழுதப்பட்டவை என்றான் அவன். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உலக உடன்படிக்கை பிறந்தது. 2007 நவம்பரில் 'எக்ஸ்புளோரர்' என்ற சுற்றுலாக் கப்பல் அண்டார்டிகாவுக்கு அருகே பனியால் துளைபட்டு மூழ்கியது. 154 பேரும் பிழைத்தார்கள். ஆனால் அன்று கடல் அமைதியாக இருந்தது. உதவிக்கு வர இன்னொரு கப்பலும் அருகில் இருந்தது. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கெனத் தனி விதித்தொகுப்பு வேண்டும் என்ற குரல் வலுத்து, அது 2017 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்கள் 2018க்குப் பின் வரும் இடைக்காலச் சோதனை அல்லது சான்றிதழ் புதுப்பிப்புச் சோதனைக்குள் அதற்கு ஏற்றபடி தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்படி என்ன மாத்துவாக?" என்றாள் ஆச்சி.

அண்ணன் ஒவ்வொன்றாய்ச் சொன்னான். குளிரில் சாதாரண எஃகு கண்ணாடி போல உடையும். ஆகவே கப்பல் போகும் இடத்தில் அன்றாடம் பதிவாகும் தாழ்ந்த வெப்பநிலைகளின் சராசரியை எடுத்து, அதற்கும் 10 டிகிரி கீழே கணக்கிட்டு, அதைத் தாங்கும் பொருள்களும் கருவிகளும் வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் வாயில் பனிக்கூழ் அடைத்துக்கொள்ளும்; அதற்கு வழி செய்ய வேண்டும். தீயணைக்கும் குழாயில் நீர் உறைந்துவிட்டால் கடல் நடுவே நெருப்புக்கு இரையாக நேரும். அலைத்திவலை மேல்தளத்தில் விழுந்து அப்படியே உறையும். அந்தப் பனிச்சுமையைத் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 30 கிலோ என்று கணக்கிட்டு, அதன் பின்னும் கப்பல் கவிழாது என்று காட்ட வேண்டும். ஆயிரம் சதுர மீட்டர் தளமானால் 30 டன்! சரக்கு ஏற்றும் முதலாளி இல்லாமலே வானமும் கடலும் சேர்ந்து ஏற்றிவிடும் அதிகச் சுமை.

இதைக் கேட்டதும் ஆச்சியின் முகம் மாறியது. அவளுக்கு எது நினைவுக்கு வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் தொடர்ந்தான். உயிர்காப்புப் படகுகள் ஓரளவேனும் மூடியவையாக இருக்க வேண்டும். தப்பிக்கும் வழிகளில் பனி படியக்கூடாது. குளிருடையும் தடித்த கையுறையும் அணிந்தவன் கதவைத் திறக்க முடிய வேண்டும். நான் ஐஸ் பார் சுமந்த நாளை எண்ணிக்கொண்டேன். மரத்துப்போன விரலால் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியாதவன், மூழ்கும் கப்பலில் படகின் கொக்கியை எப்படிக் கழற்றுவான்? அந்த விதியை எழுதியவன் தன் விரல்களை ஒரு முறையேனும் பனியில் வைத்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்ட விதி வேறொன்று. உதவி வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு எந்தக் கப்பலுக்கும் 5 நாளுக்குக் குறையக்கூடாது. அத்தனை நாளும் கப்பலை விட்டு வெளியேறியவர்கள் உணவும் நீரும் வெதுவெதுப்பும் பெற்று உயிரோடிருக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

"அங்க கயிறு பிடிக்க ஆள் இல்ல ஆச்சி," என்றான் அண்ணன். "அதனாலதான் அஞ்சு நாளைக்கு எங்க கயிற்றை நாங்களே பிடிச்சிக்கணும்னு எழுதியிருக்கு."

ஆச்சி சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு கேட்டாள்: "தோணியிலயும் கோடு இருந்திச்சே, மக்கா?"

அண்ணனால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நம் நாட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும். 1981 டிசம்பர் 6ஆம் நாள் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டுக் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9இல் அண்டார்டிகாவில் காலடி வைத்தனர். அன்று முதல் நம் பயணக் குழுவினர் வாடகைக் கப்பல்களிலேயே சென்று வருகின்றனர். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் 'சாகர் நிதி' பனியைத் தாங்கும்படி வலுவூட்டிய ஆராய்ச்சிக் கப்பல். துருவ ஆராய்ச்சிக்கென்றே கப்பல் ஒன்றைக் கட்டுவதற்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனம் 2025 ஜூனில் நார்வே நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. இவற்றையெல்லாம் படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆயினும் அண்ணனின் குறிப்பேட்டில் ஒரு வரி கண்டேன். வணிக நோக்கின்றி அரசுப் பணியில் மட்டும் இருக்கும் அரசுக் கப்பல்களை இவ்விதிகள் கட்டுப்படுத்தா. இயன்றவரை பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கின்றன, அவ்வளவே. ஆராய்ச்சிக் கப்பல்களில் பல அரசுக்குச் சொந்தமானவை. கட்டாயம் இல்லாத இடத்தில் விதியைக் காப்பது எது? மனசாட்சி ஒன்றுதான்.

விதி என்பது கயிறு. அது தானாக யாரையும் இழுத்துக் கரைசேர்க்காது. அதைப் பிடித்திருப்பவன் கீழே இறங்கியவனைத் தன் உடன்பிறந்தவளின் கணவன் என்று எண்ண வேண்டும். சோதனை செய்யும் சர்வேயர், ஒப்பமிடும் அதிகாரி, செலவுக் கணக்குப் பார்க்கும் எழுத்தர் என யாவரும் அப்படி எண்ணினால் 'கோடு' தண்ணீருக்குள் போகாது. நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நம் கல்லூரி நண்பர்களுக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறேன். நாம் கையெழுத்திடும் காகிதத்தின் மறுமுனையில் எவனோ ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கக்கூடும்.

அண்ணன் புறப்படும் நாளில் ஆச்சி வாசல்வரை வந்தாள். போகாதே என்று சொல்லவில்லை. அவன் இரு கைகளையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். "படகு கொக்கியைக் கையுறை போட்டுக் கழட்டிப் பழகு. நீயே கழட்டிப் பாரு, எழுதியிருக்குன்னு விட்டுறாத" என்றாள்.

கப்பல் தெற்கே சென்றடைந்ததும் அவனிடமிருந்து வந்த முதல் செய்தி ஒரே வரிதான்: "கழட்டிப் பார்த்தேன் என்று ஆச்சியிடம் சொல்."

சொன்னேன். அன்று இரவு ஆச்சி நன்றாகச் சாப்பிட்டாள்.